வாசலை மறைத்து நின்ற கூட்டம்



எங்கள் பங்கு ஆலயத்தின் வடபுறத்தில் லூர்து அன்னை கெபி ஒன்று உண்டு. அதற்கு எதிரே ஒரு வேப்பமரம். மரத்தடியில் ஒரு சிமெண்டுத் திண்ணை. ஞாயிறு காலை ஆறு மணித் திருப்பலிக்கு வரும் ஒரு தாய் சில மாதங்களாக அந்தத் திண்ணையில்தான் அமர்கிறார். ஒலிபெருக்கியில் வாசகங்களைக் கேட்கிறார், பாடல்களை மெல்லப் பாடுகிறார். நற்கருணை வேளையில் அருட்சகோதரி ஒருவர் வெளியே சென்று அவருக்கு நற்கருணை வழங்கிவிட்டு வருகிறார்.

வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று அமர்ந்திருக்கிறார் போலும் என்றுதான் முதலில் எண்ணினோம். ஒருநாள் திருப்பலி முடிந்ததும் அருகில் சென்று, "ஏம்மா, உள்ளே இடம் இருக்கிறதே, ஏன் வெளியே?" என்று கேட்டோம். "சாமி, எனக்குப் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கிட்டு இருக்காங்க. ரத்தத்துல வெள்ளை அணு ரொம்பக் கம்மியாயிடுச்சாம். சளி, இருமல் உள்ளவங்க பக்கத்துல போகவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உள்ளே வந்தா முன்னாடி ஒருத்தர் தும்முறாரு, பின்னாடி ஒருத்தர் இருமுறாரு. அவங்ககிட்ட போயி நான் என்னன்னு சொல்ல முடியும்?" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்று மாலை மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. கப்பர்நாகும் ஊரில் இயேசு ஒரு வீட்டில் போதித்துக்கொண்டிருக்கிறார். முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் தூக்கி வருகிறார்கள். வாசலருகே கூட இடமில்லாதபடி கூட்டம் நிற்கிறது. எனவே அவர்கள் கூரையைப் பிரித்து நோயாளியை இயேசுவின் முன் இறக்குகிறார்கள் (மாற் 2:1-12). இந்தப் பகுதியை விளக்கும்போதெல்லாம் நாம் அந்த நால்வரின் நம்பிக்கையைப் பற்றித்தான் பேசுகிறோம். வாசலை மறைத்து நின்ற கூட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்கள் தீயவர்கள் அல்லர். இறைவார்த்தையைக் கேட்கும் ஆவலோடு வந்த பக்தியுள்ள மக்கள்தாம். யாரையும் தடுக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவும் இல்லை. ஆனாலும், அவர்கள் நின்ற விதத்தால் ஒரு நோயாளி ஆண்டவரை அணுக முடியாமல் போயிற்று!

முகக்கவசம், இடைவெளி ஆகியவற்றைப் பற்றி இப்பக்கத்தில் எழுத நாம் விரும்புவது இந்தக் கூட்டத்தை மனத்தில் வைத்துத்தான்.

"கொரோனா போய்விட்டதே, இன்னும் எதற்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த நாட்களை நாம் மறக்கவில்லை. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அதற்கு இரண்டு நாள் கழித்து, மார்ச் 27 மாலையில், மழை பெய்துகொண்டிருந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நடந்து சென்று உலகிற்காக மன்றாடியதைத் தொலைக்காட்சியில் கண்ணீரோடு பார்த்தோம். அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று உயிர்ப்புப் பெருவிழாவைப் பூட்டிய ஆலயத்தில் கொண்டாடினோம். தமிழகத்தில் பெரிய ஆலயங்கள் செப்டம்பர் 1 அன்று திறக்கப்பட்டபோது, இருக்கைகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் பெருக்கல் குறி ஒட்டியிருந்தோம். வாசலில் வெப்பமானியோடு இளைஞர்கள் நின்றார்கள். முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய் அபராதம் என்று அரசு அறிவித்திருந்தது. இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் 26 முதல் மீண்டும் கதவுகளை மூடினோம். ஜூலை 5 அன்றுதான் திறந்தோம். நம் நாட்டில் அரசுக் கணக்கின்படியே 5 இலட்சத்து 30 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்தார்கள். இதை வாசிக்கும் பலருக்கு அந்த எண்ணிக்கையில் ஒரு முகம் உண்டு.

பின்பு படிப்படியாக எல்லாம் தளர்ந்தன. 2023 மே 5 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. பெருக்கல் குறிகளைச் சுரண்டி எடுத்தோம் (சில இருக்கைகளில் பசைக் கறை இன்னும் போகவில்லை!). இன்று சட்டமும் இல்லை, அபராதமும் இல்லை. ஆகவேதான் இப்போது பேசுவது பொருத்தம் என்று கருதுகிறோம். அபராதத்திற்குப் பயந்து அணிந்த காலம் முடிந்துவிட்டது. இனி ஒருவர் அணிந்தால், பக்கத்தில் இருப்பவரை எண்ணித்தான் அணிவார்.

கொரோனாக் கிருமியும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2025 மே, ஜூன் மாதங்களில் நம் நாட்டில் அது மீண்டும் தலைதூக்கியதைப் பார்த்தோம். சளிக்காய்ச்சல் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் வந்து போகிறது. நலமாய் உள்ள நமக்கு அது மூன்று நாள் கசாயம், ஒரு மாத்திரை. ஆனால் நம் பங்கில் வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரக மாற்று அறுவை முடித்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், சர்க்கரை நோயாளர்கள் இருக்கிறார்கள். நமது மூன்று நாள் சளி அவர்களுக்கு மூன்று வார மருத்துவமனை வாசமாகலாம். அதற்கு மேலும் ஆகலாம்.

நோய் எவ்வாறு பரவுகிறது என்பதைப் புரிந்துகொள்ள நமக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. தூபக் கலசமே போதும். பெருவிழா நாளில் பீடத்தருகே தூபம் காட்டுகிறோம். முதலில் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு மணக்கிறது. சிறிது நேரத்தில் கடைசி வரிசைக்கும் மணம் போய்விடுகிறது. சன்னல்கள் திறந்திருந்தால் புகை விரைவில் வெளியேறிவிடும். மூடியிருந்தால் திருப்பலி முடிந்த பின்னும் தங்கியிருக்கும். நம் மூச்சும் ஏறத்தாழ இப்படித்தான். பேசும்போதும் இருமும்போதும் பெரிய துளிகளும் மிக நுண்ணிய துளிகளும் வாயிலிருந்து வெளியேறுகின்றன. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடுகின்றன. 'ஆறு அடி இடைவெளி' என்று அன்று சொன்னதன் காரணம் இதுவே. நுண்ணிய துளிகளோ தூபப் புகைபோல் காற்றில் மிதக்கின்றன. எனவே அடைத்த அறையில் ஆறு அடி தள்ளி அமர்ந்தால் மட்டும் போதாது. காற்றும் போய்வர வேண்டும், வாயையும் மூக்கையும் மூடவும் வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் முன்னோர் கட்டிய ஆலயங்களைப் பாருங்கள்: உயர்ந்த கூரை, ஆள் உயரச் சன்னல்கள், மூன்று பக்கமும் வாசல்கள். மின்விசிறி இல்லாத காலத்தில் வெக்கைக்காகக் கட்டினார்கள். அது நோய்த் தடுப்பாகவும் அமைந்தது. இன்று நாம் கட்டும் சிற்றாலயங்களிலும் மன்றங்களிலும் தாழ்ந்த கூரை, கண்ணாடி அடைப்பு, குளிர்சாதனம்! நன்கொடையாளர் பெயர் பொறித்த கண்ணாடிச் சன்னல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் திறக்க முடிவதில்லை.

பாடுவதற்கும் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு. உரக்கப் பாடும்போது மூச்சு வலுவாக வெளியேறுகிறது, துளிகளும் மிகுதி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவினர் 2020 மார்ச் 10 அன்று ஓர் ஆலய மன்றத்தில் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். வந்தவர்கள் 61 பேர். அவர்களுள் ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறி இருந்தது. பின்னர் கணக்கெடுத்தபோது, அந்த ஒருவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய் கண்டிருந்தது, இருவர் இறந்துபோனார்கள். அந்த ஒருவர் தீய எண்ணத்தோடு வரவில்லை. 'லேசான சளிதானே, பயிற்சியைத் தவறவிடலாமா' என்று நாம் எல்லாரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்திருப்பார். நம் பாடகர் குழு நண்பர்கள் இதைப் படித்துப் பாடுவதை நிறுத்திவிட வேண்டாம்! சளி உள்ள வாரம் மட்டும் ஓய்வெடுங்கள். பயிற்சியின்போது சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

முகக்கவசம் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நோயுள்ளவர் அணியும்போது, துளிகள் புறப்படும் இடத்திலேயே பெரும்பகுதி தடுக்கப்படுகிறது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் மூன்றடுக்குக் கவசம் இதற்குப் போதுமானது. 'என்95' என்னும் வகை, முகத்தோடு சரியாகப் பொருந்தினால், நுண்துகள்களில் 95 விழுக்காட்டையாவது வடிகட்டும்; எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள இது நல்லது. மூச்சுவிட எளிதாக இருக்கட்டும் என்று சிலர் வால்வு வைத்த கவசத்தை வாங்குகிறார்கள். அது உள்ளிழுக்கும் காற்றை வடிகட்டும். வெளிவிடும் மூச்சை அப்படியே அனுப்பிவிடும். இருமல் உள்ளவர் அதை அணிந்து பயனில்லை. தாடைக்குக் கீழே தொங்கும் கவசத்தைப் பற்றியும் மூக்கு வெளியே தெரியும் கவசத்தைப் பற்றியும் நாம் சொல்ல வேண்டியதில்லை. பேசும்போது மட்டும் கழற்றிவிட்டு, கேட்கும்போது அணிந்துகொள்ளும் வழக்கமும் நம்மில் பலருக்கு இருந்தது, குருக்களாகிய எங்களையும் சேர்த்து.

அதன் விலையை நாங்கள் அறிந்தோம். இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எழுதாமல் மற்றவர்களுக்கு அறிவுரை சொல்வது முறையல்ல.

2021 ஏப்ரல் 7. சட்டமன்றத் தேர்தலுக்கு மறுநாள். உயிர்ப்புப் பெருவிழா முடிந்த புதன்கிழமை. வீட்டில் படுத்திருக்கும் நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டு செல்வதற்காக உபதேசியாரும் பங்குத்தந்தையுமாகப் புறப்பட்டோம். தொண்டையில் சற்றுக் கரகரப்பு இருந்தது. புனித வாரம் முழுவதும் பாடியதால் என்று நினைத்துக்கொண்டோம். ஏழு வீடுகள். ஆறு வீடுகளில் முகக்கவசத்தோடுதான் இருந்தோம். ஏழாவது வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தம். கவசத்தோடு சொன்ன செபம் அவருக்கு விளங்கவில்லை. ஆகவே கவசத்தை இறக்கிவிட்டு, காதருகே குனிந்து, உரக்கச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது. பதில் செபம் தெளிவாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை எங்கள் இருவருக்கும் காய்ச்சல். சனிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. அன்றே ஏழு வீடுகளுக்கும் தொலைபேசியில் தெரிவித்தோம். அந்தப் பெரியவர் அடுத்த வாரம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மாத இறுதியில் இறைவனடி சேர்ந்தார். கவச உடை அணிந்த நால்வர் அவரை அடக்கம் செய்தார்கள்.

எங்களிடமிருந்துதான் அவருக்குத் தொற்றியதா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் வீட்டிலிருந்து மூவர் வாக்குச்சாவடிக்குச் சென்று வந்திருந்தார்கள். தெருவிலும் அப்போது நோய் இருந்தது. அவருடைய மகன் எங்களை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. நாங்கள் தொலைபேசியில் பேசியபோது, "சாமி, நீங்க இப்ப எப்படி இருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியை இன்றும் நாங்கள் சுமக்கிறோம். புதன்கிழமை அந்தக் கரகரப்போடு புறப்படாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாள் தள்ளிப் போட்டிருந்தால் நற்கருணை ஆண்டவர் எங்களைக் கோபித்திருக்கமாட்டார்.

"நம்பிக்கை உள்ளவனுக்கு முகக்கவசம் எதற்கு? கடவுள் காப்பார்" என்று சொல்வோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பாலைநிலச் சோதனையை நினைத்துப் பாருங்கள். எருசலேம் கோவிலின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சொன்னவன் யார்? அவன் திருப்பாடலையே மேற்கோள் காட்டினான்! கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று இயேசு மறுத்துவிட்டார் (மத் 4:5-7). அங்கே குதித்திருந்தால் அடிபடுவது குதித்தவர் மட்டுமே. நம் விவகாரத்திலோ நாம் குதிக்கிறோம். அடிபடுவது வேப்பமரத்தடித் தாய்.

புனித சார்லஸ் பொரோமியோவை நாம் அறிவோம். 1576இல் மிலான் நகரில் கொள்ளைநோய் பரவியபோது ஆளுநரும் பெருங்குடியினரும் நகரைவிட்டு வெளியேறினார்கள். பேராயராகிய அவர் வெளியேறவில்லை. நோயாளர்களைத் தேடிச் சென்றார், தம் உடைமைகளை விற்று உணவளித்தார். இதை எல்லாரும் சொல்வோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபோது, அவர் அதை எதிர்த்துக் கூட்டம் கூட்டவில்லை. தெருச் சந்திப்புகளில் பீடங்களை அமைத்து, வீட்டுச் சன்னல்கள் வழியாகவே மக்கள் திருப்பலியில் பங்கேற்கச் செய்தார். இடைவெளியும் இருந்தது, திருப்பலியும் இருந்தது. அவரைவிட நம்பிக்கையில் உறுதியானவர்கள் என்று நம்மில் யார் சொல்லிக்கொள்ள முடியும்?

இடைவெளி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று எல்லாரும் 'சமூக இடைவெளி' என்றோம். உலகில் மற்ற நாட்டவருக்கு அது புதிய சொல்லாக இருந்திருக்கலாம். நமக்கு அது பழைய காயம். தொடாதே, எட்டி நில் என்று ஒரு மக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைத்த மண் இது. வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக ஆலயத்தின் உள்ளேயே சுவர் எழுப்பியிருந்தார்கள் என்பதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது என்பதும் தமிழகத் திருச்சபை வரலாறு. கல்லறைத் தோட்டங்களில் எல்லாம் சுவர் இடிந்துவிட்டதா என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வைப்போம். அந்த இடைவெளிக்கும் இந்த இடைவெளிக்கும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. அது பிறப்பைப் பார்த்து மற்றவரைத் தள்ளியது. இதுவோ நம் இருமலைப் பார்த்து நாமே சற்றுத் தள்ளிக்கொள்வது. ஆகவே 'உடல் இடைவெளி' என்று சொல்வதே நல்லது. உலக நலவாழ்வு நிறுவனமும் அவ்வாறே சொல்லத் தொடங்கியது.

முகக்கவசத்திற்கும் இதே போன்ற ஒரு சுமை உண்டு. அணிந்து வருகிறவரைப் பார்த்து, "என்ன, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டு நகர்ந்து அமர்கிறோம். ஆகவே இருமல் உள்ளவர் கூச்சப்பட்டு அணியாமல் வருகிறார். லேவியர் நூலில் தொழுநோயாளர் மேலுதட்டை மூடிக்கொண்டு, தாம் தீட்டு உள்ளவர் என்று தாமே கூவிக்கொண்டு, பாளையத்துக்கு வெளியே குடியிருக்க வேண்டும் என்று விதி இருந்தது (லேவி 13:45-46). வாயை மூடுவது அங்கே விலக்கப்பட்டதன் அடையாளம். இயேசுவோ அப்படிப்பட்ட ஒருவரைத் தொட்டார் (மாற் 1:41). விலக்கப்பட்டவரை உள்ளே கொண்டுவருவதே அவருடைய வழி. இன்று இருமல் உள்ளவர் வாயை மூடிக்கொள்வதால், வெளியே அமர்ந்திருக்கும் ஒருவர் உள்ளே வர முடிகிறது. இருமுகிறவரும் விலக்கப்படவில்லை, எதிர்ப்பாற்றல் குறைந்தவரும் விலக்கப்படவில்லை. ஆகவே ஆலயத்தில் முகக்கவசம் அணிந்தவரைக் கண்டால் வினோதமாய்ப் பார்க்காதீர்கள். ஒரு புன்னகை போதும். அவர் உங்களுக்காக அணிந்திருக்கலாம்.

காசநோயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கொரோனா நினைவில் இதை மறந்துவிடுகிறோம். உலகக் காசநோயாளர்களில் ஏறத்தாழ கால் பங்கினர் நம் நாட்டில் வாழ்கிறார்கள். இதுவும் காற்றில் பரவுவதே. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாயாக இருந்தது. நம் அன்பியங்களில் இதைச் சொல்லுங்கள். காசநோய் என்று தெரிந்தவுடன் அந்த வீட்டோடு உறவை முறித்துக்கொள்ளும் வழக்கத்தைக் கைவிடுவோம். முன்பெல்லாம் நோயாளரைக் குடும்பத்திலிருந்து பிரித்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் வைப்பார்கள். அப்படிப் பிரிக்கத் தேவையில்லை. வீட்டிலேயே ஒழுங்காக மருந்து உட்கொண்டால் குணம் ஒன்றே, குடும்பத்தாருக்கு அதனால் ஆபத்துக் கூடுவதில்லை என்பதை 1950களின் இறுதியில் உலகிற்கு எடுத்துக்காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வு. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்கள் முகக்கவசம், காற்றோட்டமான அறை. இவ்வளவே அவரிடம் நாம் கேட்பது.

ஞாயிறு கடன் திருப்பலியைத் தவறவிட்டால் பாவமாயிற்றே என்று காய்ச்சலோடு வருபவர்கள் உண்டு, குறிப்பாக நம் தாய்மார்கள். நோயுற்றோருக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாகவே கூறுகிறது (எண் 2181). உடல்நலத்தைப் பேணுவது பற்றிச் சொல்லும் இடத்தில், மற்றவர்களின் தேவையையும் பொதுநன்மையையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது (எண் 2288). காய்ச்சலும் இருமலும் உள்ள ஞாயிறு வீட்டில் இருங்கள். மாதா தொலைக்காட்சியில் திருப்பலியில் இணைந்து செபியுங்கள். பங்கு அலுவலகத்திற்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் நற்கருணை உங்களைத் தேடி வரும். இம்முறை வருகிறவர் தொண்டைக் கரகரப்போடு வரமாட்டார் என்று உறுதி கூறுகிறோம்.

சமாதானம் பகிரும்போது கைகொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டுத் திருவழிபாட்டில் இல்லை. இந்தியத் திருச்சபைக்கு 1969இல் அனுமதிக்கப்பட்ட பன்னிரண்டு அம்சங்களுள் கைகூப்பி வணங்கிச் சமாதானம் பகிர்வதும் ஒன்று. நோய்க்குப் பயந்து கண்டுபிடித்தது அல்ல. நம் பண்பாட்டிலிருந்து வந்தது. அண்மைக் காலமாக இளைஞர்களிடையே கைகுலுக்கலும் தோளில் தட்டலும் கூடிவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் பக்கத்தில் முதியவர் இருந்தால் கைகூப்புங்கள். அவருக்கும் அதுவே பழக்கம்.

கட்டுப்பாடுகளை எல்லாருக்கும் ஒரே அளவில் திணிக்கவும் கூடாது. மூச்சுத் திணறல் உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் சில சிறப்புக் குழந்தைகளும் முகக்கவசத்தைத் தாங்கமாட்டார்கள். காது கேளாதோர் நம் உதடுகளைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள். ஏழாவது வீட்டில் நாங்கள் கவசத்தை இறக்கியது அன்பினால்தான். ஆனால் தள்ளி நின்று முகம் காட்டிப் பேசியிருக்கலாம், செபத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டியிருக்கலாம் என்பது பிற்பாடுதான் தோன்றியது. வாசகம் வாசிப்பவரும் மறையுரை ஆற்றுபவரும் தொலைவில் நிற்பதால் நோய் இல்லாதபோது கவசமின்றிப் பேசலாம்.

ஆலயத்தைவிட ஆபத்தான இடங்கள் நம் பங்கு வாழ்வில் இருக்கின்றன. பத்துக்குப் பத்து அறையில் இருபது பேர் அமரும் அன்பியக் கூட்டம். குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றி இரவு முழுவதும் அமர்ந்திருக்கும் துக்க வீடு. ஒரே பெஞ்சில் ஆறு குழந்தைகள் நெருங்கி அமரும் மறைக்கல்வி வகுப்பு. அன்பியக் கூட்டத்தை முற்றத்திலோ மொட்டை மாடியிலோ வைத்தால் என்ன? திறந்த வெளியில் மூச்சுக் காற்று உடனே கலைந்துவிடுகிறது. துக்க வீட்டில் இருமல் உள்ளவர் வாசலில் நின்றே ஆறுதல் சொல்லலாம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளாதபடி நாமே பழக்கப்படுத்த வேண்டும். அரசு மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்கக் குடும்பத்தோடு செல்லும் நம் வழக்கத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

கொரிந்து நகரத் திருச்சபையில் ஒரு சிக்கல் எழுந்தது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா? உண்பதில் தவறில்லை என்பதைத் தூய பவுலும் ஏற்றார். ஆனால் அது வலுவற்ற ஒரு சகோதரருக்கு இடறலாகுமென்றால் தாம் ஒருபோதும் இறைச்சியே உண்பதில்லை என்றார் (1 கொரி 8:13). உரிமை இருந்தும் விட்டுக்கொடுத்தார். அரை முழத் துணியை ஒரு மணி நேரம் முகத்தில் கட்டிக்கொள்வது அதைவிடப் பெரிய தியாகம் அல்லவே!

பங்குப் பேரவையில் இதைக் கலந்து பேசினோம். நீண்ட விவாதம் நடந்தது. "மறுபடியும் பயமுறுத்தினால் வருகிற கூட்டமும் குறையும்" என்றார் ஒருவர். "உண்டியலைக் கணக்குப் பார்க்கிறீர்களா?" என்றார் இன்னொருவர். கடைசியில் எளிய சில முடிவுகள் எடுத்தோம். காலை ஆறு மணித் திருப்பலியின்போது வடபுறத்து ஆறு சன்னல்களும், மழையானாலும், திறந்தே இருக்கும். அந்தப் பக்கத்தின் முதல் நான்கு வரிசைகளில் இருவருக்கு ஒரு பெஞ்சு என்று இடைவெளி விட்டு அமர வேண்டும். அங்கே அமர்பவர்கள் எல்லாரும் முகக்கவசம் அணிய வேண்டும். இது கட்டாயம் என்று சொல்லும் ஒரே இடம் அதுதான். தீர்த்தத் தொட்டி அருகில் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒரு பெட்டியில் முகக்கவசங்களை வைத்திருப்பார்கள். சளி, இருமல் உள்ளவர்கள் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், காசு போட வேண்டியதில்லை. நற்கருணை வழங்குவோர் அந்த வரிசைகளுக்கு நேரே சென்று வழங்குவார்கள்.

சென்ற ஞாயிறு முதல் முறையாக அவ்வாறு செய்தோம். பெட்டியில் வைத்த ஐம்பதில் பன்னிரண்டு தீர்ந்திருந்தன. அந்தத் தாயிடம் முன்னரே சொல்லியிருந்தோம், வந்தார். வாசற்படியில் சிறிது நேரம் நின்று உள்ளே பார்த்தார். நான்காவது வரிசையில் முகக்கவசம் இல்லாமல் ஒருவர் அமர்ந்திருந்தார். செய்தி அவருக்குத் தெரியாது போலும். தாய் திரும்பித் திண்ணைக்கே போய்விட்டார். திருப்பலி முடிந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை சாமி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார்.

அந்த நான்கு வரிசைகளுக்கு அருகே வரும் ஞாயிறு முதல் இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்த இருவர் நின்று, வருவோரிடம் பணிவோடு எடுத்துச் சொல்வார்கள். ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.